நண்டுக் கொப்பரையில் ஆவி பிடித்தவள்

அந்த நண்டுத் தொழிற்சாலையில் எல்லோரும் அவளை எட்டுக்கை என்றுதான் கூப்பிட்டார்கள். பதினோரு வருஷமாக ஒரே மேசை, ஒரே மூலை, ஒரே மழுங்கல் கத்தி. வெந்த நண்டை இடது கையில் எடுப்பாள். கட்டைவிரலை ஓட்டுக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்புவாள். செவுளைச் சுண்டி எறிந்து, உடலை இரண்டாக ஒடித்து, பின்னங்கால் மூட்டுக்குள் இருக்கும் பெரிய சதைக்கட்டியை உடையாமல் முழுசாக வெளியே கொண்டுவருவாள். மற்றவர்கள் ஒரு நண்டை முடிப்பதற்குள் அவள் மூன்றாவது நண்டின் மேல் கை வைத்திருப்பாள்.

“நண்டுக்குப் பத்துக் கால், இந்தம்மாவுக்கு எட்டுக் கை. யாரு ஜெயிக்கிறதுன்னு நானும் தினம் பாக்குறேன், நண்டு ஒருநாளும் ஜெயிக்கல” என்று நண்டு வேகவைக்கும் கொப்பரைக்காரர் ஒருநாள் சொன்னார். பெயர் அன்றோடு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரர்கூட ஒருமுறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டார். அன்று சாயங்காலம் அவருக்கு அவரேதான் டீ போட்டுக் குடித்தார்.

அவள் வேலை செய்த கூடம் நீளமானது. ஈ வரும் என்று சன்னல்களையெல்லாம் அடைத்திருந்தார்கள். எஃகு மேசைகள், மேசைக்கு எட்டுப் பெண்கள், ரப்பர் பூட்ஸ், பிளாஸ்டிக் ஏப்ரன், தலைக்கு வலைத்தொப்பி. ஒரு பக்கச் சுவரில் கதவுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பட்டைகள் தொங்கும். அதற்கு அந்தப் பக்கம் வேகவைக்கும் அறை. அங்கே வாய் திறந்த பெரிய கொப்பரை. கூடை கூடையாக நண்டை இறக்கி ஏற்றும்போதெல்லாம் வெள்ளை ஆவி பட்டைகளைத் தள்ளிக்கொண்டு, சொல்லாமல் வந்த விருந்தாளி மாதிரி கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும். இரண்டு மணிக்கு ஒருமுறை பிரஷர் ஹோஸ் பிடித்து மேசையிலும் தரையிலும் ஒட்டிய சதைத் துணுக்குகளை அடித்துத் தள்ளுவார்கள். அப்போது எதிரே நிற்பவள் முகம் தெரியாத அளவுக்குச் சாரல் கிளம்பும்.

அந்தக் கூடத்தில் ஒரு சளி உண்டு. சிலருக்கு வேலைக்குச் சேர்ந்த ஆறே மாதத்தில் வரும், சிலருக்கு ஆறு வருஷம் கழித்து. முதலில் மூக்கு ஒழுகும், கண் அரிக்கும், அடுக்குத் தும்மல் போடும். அப்புறம் இருமல். அப்புறம் நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். பெண்கள் அதற்குக் ‘கூடத்துச் சளி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை நோய் என்று யாரும் எண்ணவில்லை. கொத்தனார் கையில் காய்ப்பு இருக்கிறதல்லவா, அதுபோல நண்டு பிரிக்கிறவளுக்குச் சளி என்று விட்டுவிட்டார்கள்.

எட்டுக்கைக்கு அது வந்தது ஒன்பதாவது வருஷம். மூக்கு அடைத்துக்கொண்டு வேலை மந்தமாவது அவளுக்குப் பிடிக்கவில்லை. சளி என்றால் ஆவி பிடிக்க வேண்டும். அவள் வீட்டில் வெந்நீர் வைத்துக் காத்திருக்க நேரமில்லை. ஆனால் பட்டைத் திரைக்கு அந்தப் பக்கம் அவ்வளவு ஆவி சும்மா வீணாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு டீ இடைவேளையில் அவள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கொப்பரை ஓரமாகப் போய் நின்றாள். மூக்கு சட்டென்று திறந்தது.

“அண்ணே, ஒரு முக்காலி போடுங்க. நின்னுக்கிட்டே எவ்வளவு நேரம் குனியறது?”

“இது கம்பெனி கொப்பரைம்மா, ஆஸ்பத்திரி இல்ல.”

“உப்பு இருக்கு, சூடு இருக்கு. ஆஸ்பத்திரியில இதுக்கு மேல என்ன தரப்போறான்?”

கொப்பரைக்காரர் முக்காலி போட்டார். மறுநாள் அவளுடைய நாத்தனார் வந்தாள். அவள் அதே மேசையில் பக்கத்து இடத்தில் வேலை செய்பவள். அடுத்த வாரம் நான்கு பேர். மாத முடிவில் டீ இடைவேளையில் அங்கே வரிசையே நின்றது. கொப்பரைக்காரர் முடி வெட்டுகிறவர் மாதிரி “அடுத்த ஆள்!” என்று கூப்பிட ஆரம்பித்தார். வரிசையை ஒழுங்கு பண்ணியது எட்டுக்கைதான். “ரெண்டு நிமிஷம், அதுக்கு மேல கிடையாது” என்று கணக்காக எழுப்பிவிடுவாள். புதிதாக யாராவது தும்மினால் அவளே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவாள்.

முக்காலியில் உட்கார்ந்தால் மூக்கு திறக்கும், உண்மைதான். சாயங்காலம் நெஞ்சு முன்னைவிட இறுகும். இறுகினால் என்ன செய்வது? மறுநாள் இரண்டு தடவை ஆவி பிடிப்பது. இப்படியே இரண்டு வருஷம் போயிற்று.

அதற்கப்புறம் தங்கை மகள் கல்யாணத்துக்கு எட்டுக்கை பத்து நாள் லீவு போட்டாள். திரும்பி வந்த முதல் நாள் காலை வழக்கம்போல இருமல் ஆரம்பித்தது. வழக்கம்போல முக்காலியில் உட்கார்ந்து துண்டைப் போட்டுக்கொண்டாள். இரண்டு நிமிஷம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

“அண்ணி, எழுந்திரு, என் முறை” என்று நாத்தனார் துண்டை இழுத்தாள். உள்ளே இருந்த முகம் சாம்பல் நிறமாக இருந்தது. உதட்டோரம் நீலம். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கியது, காற்று மட்டும் உள்ளே போகவில்லை. பேசப் பார்த்தாள், ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை. அந்த ஒரு சொல்லும் “கத்தி” என்பதுதான். மேசையில் கத்தியை விட்டுவிட்டு வந்திருந்தாள், வேறு யாராவது எடுத்துவிடுவார்களே என்ற கவலை.

ஐஸ் ஏற்றும் வண்டியில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மூக்கையும் வாயையும் மூடி ஒரு முகமூடி, அதில் புகை மாதிரி மருந்து. அரை மணி நேரத்தில் முகத்துக்கு நிறம் வந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ் நடுத்தர வயதுக்காரி. கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை எழுதாமல் காத்திருக்கிறவள். அது நல்ல பழக்கம், எல்லோருக்கும் வராது.

“எவ்வளவு நாளா இருமல்?”

“ரெண்டு வருஷம் சிஸ்டர். கூடத்துச் சளி. எங்க எல்லாருக்கும் இருக்கு.”

“லீவு நாள்ல?”

“லீவு நாள்ல என்ன?”

“லீவு நாள்ல இருமுவீங்களா?”

எட்டுக்கை யோசித்துப் பார்த்தாள். தங்கை வீட்டில் பத்து நாள். கூட்டம், புழுதி, புகை, சரியான சாப்பாடு இல்லை. ஒருதடவைகூட இருமவில்லை.

“அங்க தண்ணி நல்லா இருந்துச்சு” என்றாள்.

“ஏம்மா, சளிக்கு லீவு நாள் எதுன்னு எப்படித் தெரியும்? காலண்டர் பாத்துட்டா வருது?”

அதன் பிறகு நர்ஸ் எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டாள். கொப்பரை, ஹோஸ், பட்டைத் திரை, முக்காலி. முக்காலியைப் பற்றிக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“வீட்டுல வெறும் வெந்நீர்ல ஆவி பிடிக்கிறது வேற. நண்டு வேகும்போது அந்த நண்டுல இருக்கிற சத்து ஆவியோட கலந்து மேல வருது. ஹோஸ் அடிக்கும்போது சாரலோட வருது. கண்ணுக்குத் தெரியாது. தினம் அதையே மூச்சுல இழுத்தா சில பேரு உடம்புக்கு அது ஆகாமப் போயிடும். மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கிடும். இது வேலையால வர்ற ஆஸ்துமாவா இருக்கலாம். நீங்க துண்டு போட்டு மூடிக்கிட்டு அதைக் குடிச்சிருக்கீங்க.”

எட்டுக்கை விரல்விட்டு எண்ணினாள். பிறகு, “நான் மட்டும் குடிக்கல சிஸ்டர். வரிசையில நிக்கவெச்சு எல்லாருக்கும் குடுத்திருக்கேன்” என்றாள். அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி அவள் மேலேயே, மீதி யார் மேல் என்று அப்போது தெரியவில்லை.

டாக்டர் இரண்டு இன்ஹேலர் கொடுத்தார். ஒன்று தினமும் தவறாமல் இழுக்க, இன்னொன்று மூச்சு முட்டினால் மட்டும். வேலைதான் காரணம் என்பது நிச்சயமாகத் தெரிய ஒரு வழி இருப்பதாகச் சொல்லி, ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாயைக் காட்டினார். வாயில் வைத்து முழு மூச்சையும் ஒரே வேகத்தில் ஊதினால் அதிலுள்ள சிவப்பு முள் எண்களின் மேல் நகரும். நெஞ்சு எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு தூரம் முள் போகும். காலை எழுந்ததும், வேலைக்கு நடுவில், வேலை முடிந்ததும், படுக்கும் முன்பும், நாளுக்கு நாலு வேளை. ஒவ்வொரு வேளையும் மூன்று தடவை ஊதி, அதில் பெரிய எண்ணை எழுத வேண்டும். நான்கு வாரம், லீவு நாளையும் சேர்த்து. முக்காலிப் பக்கமே போகக் கூடாது. எண் இருநூறுக்குக் கீழே இறங்கினால் எழுதிக்கொண்டு உட்காராமல் அந்த நிமிஷமே கிளம்பி வந்துவிட வேண்டும்.

மூன்றாம் நாள் வேலைக்குப் போனாள். கூடத்து சூப்பர்வைசர் அவளுக்காகவே காத்திருந்தார். தடித்த கண்ணாடி போட்டவர், பெண்களுக்கு அவர் கண்ணாடியார். அந்தக் கண்ணாடியில் எப்போதும் நீர் கோத்திருக்கும், துடைத்துத் துடைத்து இருமிக்கொண்டே பேசுவார். கையில் ஒரு ஃபாரம்.

“உடம்பு சரியில்லாததால நானே விலகிக்கிறேன்னு இருக்கும்மா. கீழ ஒரு கையெழுத்து போட்டுடு.”

“நான் விலகுறேன்னு உங்களுக்கு யாரு சொன்னது சார்?”

“உனக்குச் சின்ன வயசுலயே இழுப்பு இருந்திருக்கும். அது இப்ப தலை காட்டுது. கம்பெனி என்ன பண்ணும்?”

“நான் சின்ன வயசுல மூணு கிலோமீட்டர் ஓடிப் பள்ளிக்கூடம் போனவ. எங்கம்மா இன்னும் இருக்காங்க, போன் போட்டுத் தரட்டுமா?”

கண்ணாடியார் கண்ணாடியைத் துடைத்தார். “பிடிவாதம் பண்ணாத.”

“நாலு வாரம் குடுங்க. இந்தக் குழாயில ஊதி எழுதுவேன். வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு தெரிஞ்சா நானே கையெழுத்து போடுறேன். சம்பந்தம் இருந்தா நீங்க மேனேஜர்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போகணும்.”

வாக்கு கொடுத்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பதினோரு வருஷ வேலையை ஒரு பிளாஸ்டிக் குழாயின் முள்ளில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

கூடத்துக்குள் வெளிப்பொருள் எதுவும் கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். அதனால் குழாய் உடை மாற்றும் அறையில், அவளுடைய சாப்பாட்டுப் பையில் இருந்தது. இடைவேளை மணி அடித்ததும் ஓடிப்போய் ஊதுவாள். முதல் வாரம் அது பெரிய வேடிக்கை.

“அண்ணி, பலூன் எங்க? வெறும் குழாயை ஊதுற!”

“உன் அண்ணன் தலையில கட்டுறதுக்குத் தனியா வெச்சிருக்கேன், நீ போடி.”

முதல் வாரத்திலேயே ஒரு விபத்து. நர்ஸ் கொடுத்த கட்டம் போட்ட தாள் யாருடைய ஈர ஏப்ரனிலோ ஒட்டி மை கரைந்துபோனது. எண்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம், எழுதத்தான் காகிதம் இல்லை. பையைத் துழாவினாள். உலர்ந்த தாள் என்று இருந்தது விலகல் ஃபாரம் ஒன்றுதான். அதன் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. வீட்டில் மகளின் ஸ்கேலை வாங்கி அதில் கட்டம் போட்டு, கரைந்த எண்களைத் திரும்ப எழுதினாள்.

முதல் வாரம் தெளிவாக இருந்தது. காலையில் வீட்டில் முந்நூற்று எண்பது. மதியம் முந்நூறு. வேலை முடியும்போது இருநூற்று ஐம்பது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க முந்நூற்று எண்பதுக்குக் குறையவில்லை. புள்ளிகளைக் கோட்டால் சேர்த்தபோது அது படிக்கட்டு மாதிரி இறங்கி, ஞாயிறன்று மேடை மாதிரி நின்றது.

இரண்டாவது வாரம் எல்லாம் தலைகீழானது. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து ஊதினால் முந்நூற்று அறுபது. புதன் முந்நூற்று எழுபது. வியாழன், வெள்ளியும் அப்படியே. வேலை செய்தாள், கைநிறைய நண்டு பிரித்தாள், நெஞ்சு மட்டும் திறந்தே கிடந்தது. நெஞ்சு நன்றாக இருக்கிறதே என்று வருத்தப்பட்ட ஒரே ஆள் உலகத்தில் அவளாகத்தான் இருப்பாள். வீட்டுக்காரர் தாளைப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே இருக்கு? கோயில் யானை மாதிரி ஊதுற, அப்புறம் ஏன் முகத்தைத் தூக்கி வெச்சிருக்க?” என்றார். “உங்களுக்கு விளங்காது, சும்மா இருங்க” என்றாள். அவளுக்கும் விளங்கவில்லை.

மூன்றாவது வாரம் மறுபடியும் படிக்கட்டு. கண்ணாடியார் உடை மாற்றும் அறை வாசலில் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

“ரெண்டாவது வாரம் வேலைக்கு வந்துதானே இருந்த? அப்ப ஏன் இறங்கல? வேலை காரணம்னா எல்லா வாரமும் இறங்கணுமில்ல?” சிரிக்காமல்தான் சொன்னார், ஆனாலும் அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. “நாலாவது வாரம் முடியட்டும். கையெழுத்துக்குப் பேனா நானே தரேன்.”

எட்டுக்கை பூட்ஸைக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார் பக்கத்தில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த விரல் இன்னும் சரியாகல அண்ணி. அந்த ஐஸ் நண்டு வந்ததிலேர்ந்து மரத்துப்போயே கிடக்கு.”

“எந்த ஐஸ் நண்டு?”

“மறந்துட்டியா? கொப்பரை அடியில விரிசல் விட்டு, வெளியில வேகவெச்சு ஐஸ் போட்டு லாரியில கொண்டுவந்தாங்களே. ஹோஸையும் மூடிட்டாங்க, துடைப்பம் போட்டுத்தானே தள்ளினோம். நீதான் எந்நேரமும் உன் முள்ளைப் பாத்துக்கிட்டே இருந்த.”

எட்டுக்கை தாளை எடுத்து மடியில் விரித்தாள். “அது எந்த நாள்?”

“செவ்வாயா? புதனா? யாரு கண்டா?”

கண்டவர் யார் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. ஒவ்வொரு ‘கொதி’யும், அதாவது ஒவ்வொரு முறை நண்டு வேகவைத்ததும், எந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு நேரம் என்று கொப்பரைக்காரர் ஒரு நீல நோட்டில் எழுதிவைப்பார். பட்டைத் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், நாத்தனார் போய் அவரை முற்றத்துக்குக் கூட்டிவந்தாள்.

“நோட்டெல்லாம் தர முடியாதும்மா. கம்பெனி நோட்டு. என் வேலை போயிடும்.”

“தர வேணாம், ஒரு வாரத்துத் தேதியை மட்டும் காட்டுங்க அண்ணே.”

“உன் சளிக்கு என் கொப்பரையா பழி? பதினெட்டு வருஷமா அதுக்குப் பக்கத்துலயே நிக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு? மாடிப்படி ஏறினா கொஞ்சம் மூச்சு வாங்கும். வயசானா யாருக்குத்தான் வாங்காது?”

எட்டுக்கை பையைத் திறந்தாள். நர்ஸ் கொடுத்த அட்டை வாய்க்குழல்களில் புதிதாக ஒன்றை எடுத்துக் குழாயில் மாட்டி, முள்ளைக் கீழே தள்ளி நீட்டினாள்.

“ஊதுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். கன்னம் உப்ப ஊதினார். முள் நூற்றுத் தொண்ணூறில் நின்றது. இரண்டாவது தடவை நூற்றெண்பது. மூன்றாவது தடவை ஊதி முடித்ததும் சுவரில் கை வைத்துக்கொண்டு இருமினார். இருமல் நிற்க நேரமானது.

“மிஷின் ரிப்பேரு” என்றார்.

நாத்தனார் வாய்க்குழலை மாற்றி வாங்கி ஊதினாள். முந்நூற்று நாற்பது. “மிஷின் நல்லாத்தான் இருக்குண்ணே” என்றாள். இந்தத் தடவை அவள் கேலியாகச் சொல்லவில்லை.

கொப்பரைக்காரர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “முக்காலி போட்டது நான்” என்றார்.

“கேட்டது நான். அதைப் பத்தி அப்புறம் ரெண்டு பேரும் உட்காந்து அழலாம், இப்ப நேரமில்ல. டாக்டரைப் போய்ப் பாருங்க, இன்னிக்கே. தேதி சொல்றீங்களா இல்லையா?”

அவர் உள்ளே போய் நோட்டையே கொண்டுவந்தார். செவ்வாய் காலை முதல் வெள்ளி சாயங்காலம்வரை பக்கம் வெறுமையாக இருந்தது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் கொதி. எட்டுக்கையின் தாளில் சனிக்கிழமை வேலை முடியும்போது எண் இருநூற்று எழுபது.

நான்காவது வாரம் அவள் தாளின் அடியில் இன்னொரு வரிசை சேர்த்தாள். கொப்பரை ஓடிய நாளுக்குக் கருப்புக் கட்டம், ஓடாத நாளுக்கு வெள்ளைக் கட்டம். படிக்கத் தெரியாதவளுக்கும் புரியும்படி இருந்தது. கருப்புக்கு மேலே கோடு இறங்கியது, வெள்ளைக்கு மேலே நின்றது. ஆனால் அந்த வாரம் வியாழக்கிழமை எண் இருநூற்றுப் பத்து ஆனது. நாத்தனார் போதும் வா என்று கையைப் பிடித்து இழுத்தாள். எட்டுக்கை இன்ஹேலரை இழுத்து, முற்றத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து, மறுபடி ஊதிப் பார்த்தாள். முந்நூறு வந்ததும்தான் எழுந்தாள். டாக்டர் சொன்ன எல்லையைத் தாண்டவில்லை. அதைத் தாண்டுவது துணிச்சல் இல்லை, மடத்தனம் என்பது அவளுக்குத் தெரியும்.

நான்கு வாரம் முடிந்த திங்கட்கிழமை கண்ணாடியார் அவளை மேனேஜர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சட்டைப் பையில் பேனா வைத்திருந்தார். அறைக்கு வெளியே நாத்தனாரும் இன்னும் பதினான்கு பெண்களும் ஏப்ரனோடு நின்றார்கள். கொப்பரைக்காரர் நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஃபாரம் கொண்டுவந்தியாம்மா?” என்றார் மேனேஜர்.

“இருக்கு சார்.” மேசை மேல் வைத்தாள்.

“கையெழுத்து இல்லையே.”

“அந்தப் பக்கம் திருப்புங்க.”

அவர் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் எட்டுக்கை பக்கத்தில் வைத்தாள். இதே தாளின் நகல் தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரிக்கு டாக்டர் மூலமாகப் போய்விட்டது என்று சொன்னாள்.

“இப்ப என்னதான் வேணும்ங்கிற? உனக்கு நண்டு ஆகல. அதுக்குக் கொப்பரையை மூடிடச் சொல்றியா?”

“ஆமா சார், மூடத்தான் சொல்றேன். அதுக்கு ஒரு மூடி போடுங்க. ஆவி மேல போக ஒரு புகைக்கூண்டு வையுங்க. ஹோஸுக்குப் பதிலா துடைப்பம் குடுங்க, அந்த வாரம் துடைப்பத்தாலதானே தள்ளினோம், கூடம் நாறிடவா செஞ்சுது? வெளியில நிக்கிறவங்க எல்லாரையும் டாக்டர்கிட்ட அனுப்புங்க. எனக்கு ஆவி வராத இடத்துல வேலை குடுங்க. நான் சோம்பேறியா இருந்து நோயாளி ஆகல. உங்க மேசையிலயே வேகமா வேலை செஞ்சு ஆனேன்.”

“இல்லேன்னா?”

“இல்லேன்னா நாளைக்கும் வருவேன், ஊதுவேன், எழுதுவேன். என்கூட இந்தப் பதினஞ்சு பேரும் ஊதுவாங்க. இந்த ஃபாரம் மாதிரி இன்னும் பதினஞ்சு குடுங்க, பின்பக்கம் நல்லா வசதியா இருக்கு.”

வெளியே யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். அந்த இருமல் ஒட்டிக்கொண்டு வரிசை முழுக்க ஓடியது. மேனேஜர் கதவைப் பார்த்தார். அவர் அந்தச் சத்தத்தைத் தினமும் கேட்டவர்தான். அன்றுதான் நிமிர்ந்து கேட்டார்.

மறுநாளே எல்லாம் மாறிவிட்டது என்று எழுத ஆசைதான். மாறவில்லை. துடைப்பம் ஒரே வாரத்தில் வந்தது, அது மலிவு. பாதுகாப்பு அதிகாரி இரண்டு தடவை வந்துபோன பிறகு, ஐந்து மாதம் கழித்து மூடியும் புகைக்கூண்டும் வந்தன. மூடி ஒரு பக்கம் சரியாகப் பொருந்தாது, இன்னமும் கொஞ்சம் கசியும். பதினைந்து பேரில் ஆறு பேருக்கு நெஞ்சில் குறை இருப்பது தெரிந்தது. அதில் நாத்தனாரும் ஒருத்தி. அவளுக்குச் சீக்கிரம் தெரிந்ததால் மருந்தும் இடமாற்றமும் கேட்டது. கொப்பரைக்காரருக்கு மிகவும் தாமதமாகத் தெரிந்தது. அவர் இப்போது வாசல் காவலில் இருக்கிறார். மாடிப்படி ஏறச் சொன்னால் இன்னும் மூச்சு வாங்கும்.

எட்டுக்கை திரும்ப அந்த மேசைக்குப் போகவில்லை. ஒருமுறை ஆகாமல் போன நெஞ்சுக்கு ஒரு துளி சாரல் போதும், பழையபடி இழுக்க. முற்றத்துக்கு அந்தப் பக்கம் அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும் கொட்டகையில் அவளுக்கு இடம் கொடுத்தார்கள். மழுங்கல் கத்தியை அந்த மூலைக்கு வந்த புதுப்பெண்ணிடம் கொடுக்க வேண்டிய நாளில் மட்டும் யாரிடமும் பேசவில்லை. அடுத்த நாள், லேபிள் ஒட்டுவதிலும் எட்டுக் கை உண்டு என்று காட்டிவிட்டாள்.

கொப்பரைப் பக்கத்து முக்காலியை உடைத்து அடுப்பில் போடப் போனபோது அவள் விடவில்லை. கொட்டகைக்கு எடுத்துவரச் சொல்லி அதில்தான் உட்காருகிறாள். கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதலில் அவளிடம் வந்து ஊதிக் காட்டிவிட்டுத்தான் ஏப்ரன் கட்ட வேண்டும். இது கம்பெனி போட்ட சட்டமில்லை, அவள் போட்டது. முதல் நாள் எண் கையில் இருந்தால், பின்னால் யாரும் “உனக்குப் பிறவியிலேயே இருந்தது” என்று சொல்ல முடியாது. யாராவது “கூடத்துச் சளிதானேக்கா” என்றால் அவள் ஒரே கேள்விதான் கேட்பாள்.

போன மாதம் ஒருநாள் கண்ணாடியார் லேபிள் கணக்கு கேட்க வந்தார். கண்ணாடியைத் துடைத்தார், இருமினார், மறுபடி இருமினார். பேச வந்ததைப் பேச முடியவில்லை.

“தூசி” என்றார் கடைசியில். “இந்தக் கொட்டகையில ஒரே தூசி.”

“ஞாயித்துக்கிழமை இருமுனீங்களா சார்?”

அவர் கண்ணாடியைக் கையிலேயே வைத்துக்கொண்டார். யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மாறியது.

எட்டுக்கை முக்காலியைவிட்டு எழுந்து அதை அவர் பக்கம் காலால் தள்ளினாள். புது வாய்க்குழலை மாட்டினாள், முள்ளைக் கீழே இறக்கினாள், காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

“உட்காருங்க. மூணு தடவை. ஏமாத்தாம ஊதணும்.”